இருபது கிலோவுக்குக் கீழே

வேலந்தாவளத்தில் எங்கள் எடைமேடைக்கு
இருபது கிலோவுக்குக் கீழே
உலகம் கிடையாது.
தக்காளி லாரி ஏறினால்
பதினோராயிரத்து நானூற்று எண்பது.
கிளீனர் பையன் குதித்து இறங்கினால்
நானூற்று இருபது.
அவன் சட்டைப்பையில் இருந்த பீடிக்கட்டு,
தூக்கம், வீட்டுக்கு வாங்கிய வளையல்
எதுவும் சீட்டில் வராது.

ஒருநாள் இரவு ஷிப்ட், வண்டி இல்லை.
நானே ஏறி நின்றேன்.
சிவப்பு எண்ணில் அறுபது.
உள்ளங்கையில் ரோமாபுரி ராஜா ஒருவர்.
அவரைச் சுவர்மேல் உட்காரவைத்துவிட்டு
மறுபடி ஏறினேன்.
அறுபது.

கொழிஞ்சாம்பாறைத் தட்டான் தராசில்
அவருக்குப் புள்ளி ஒன்பது கிராம்.
தட்டான் காசைப் பார்க்கவில்லை,
விற்க வந்தேனோ என்று
என் மூக்குத்தியைப் பார்த்தார்.

பெரிய காசுகளைப் பார்க்க ஆள் இருக்கிறது.
தங்கத்துக்குக் கண்ணாடிப் பெட்டி, காவலாளி, விளக்கு.
எனக்கு வேண்டியது சில்லறை.
யவனன் மிளகு வாங்கிய காசு அல்ல,
மிளகு இறக்கியவன் பசிக்கு
எதையோ வாங்கித் தின்ற காசு.
கோரையாற்று மணலில்
வீடு கட்டுகிறவர்கள் சலிக்கும்போது
கல்லோடு கல்லாய்த் தள்ளிவிடுவது.
சல்லடை பிடிக்கிற ருக்மணிக்குத் தெரியும்.
பச்சையாய், வட்டமாய், உதவாததாய்
எது கிடைத்தாலும் முந்தியில் முடிந்து வருவாள்.
பாதி சோடா மூடி.
ஒன்று ஜீன்ஸ் பொத்தான்.

ஹோமியோபதிக் குப்பிகளில் வைத்திருக்கிறேன்,
முப்பத்தேழு.
ஒன்று மட்டும் வெள்ளி, கிரேக்கத்து ஆந்தை,
உளுந்தை உடைத்த பாதி அளவு.
இரண்டு மாதச் சீட்டுப் பணம் கொடுத்து வாங்கியது.
தும்மினால் போய்விடும்.
அந்த ஊர்க்காரர்கள் சில்லறையை
வாயில் அதக்கிக்கொண்டு சந்தைக்குப் போவார்களாம்.
நம்புகிறேன்.
இங்கே சுமைக்காரர் அலெக்சாண்டருக்கு
இன்றைக்கும் காதுமடல்தான் கல்லாப்பெட்டி.

அந்த ராஜாவைப் பாலக்காட்டுக்குக் கொண்டுபோனேன்.
ஹனீபா ராவுத்தர் லென்ஸைக் கண்ணில் இடுக்கி
வெகுநேரம் பார்த்தார்.
முகம் இருக்கிறது, மூக்கு இருக்கிறது,
சுற்றி எழுத்து இருக்கவேண்டிய இடத்தில்
வெறும் கோடு, கோடு, புள்ளி.
பின்பக்கம் ஒரு கோட்டை வாசல்,
மேலே நட்சத்திரம், கதவு இல்லை.
"இது அங்கே அடிச்சதில்லைம்மா.
இங்கேயே எவனோ பார்த்து அடிச்சிருக்கான்.
சில்லறைத் தட்டுப்பாடா இருந்திருக்கும்."

பஸ்ஸில் திரும்பும்போது சிரித்துக்கொண்டே வந்தேன்.
எழுத்துத் தெரியாத ஒருத்தன்,
கடல் பார்த்தானோ என்னவோ,
செம்பை உருக்கி
தூரத்து ராஜாவுக்குக் கோடு கோடாய்ப் பெயர் வைத்திருக்கிறான்.
என் மேஜையிலும் சில்லறை கிடையாது.
மூன்று ரூபாய்க்கு மூன்று புளிப்பு மிட்டாய்.
யாரும் இதுவரை புகார் சொன்னதில்லை.
எங்கள் செக்போஸ்ட்டிலும்
கட்டையை எடுத்து வருஷமாகிறது,
தூண் மட்டும் நிற்கிறது.

போன செவ்வாய், விடிகாலை, கரண்ட் இல்லை.
பூசணி லோடு சுதீஷுக்கு மீதி கொடுத்தபோது
துடைக்க எடுத்து வைத்திருந்த ராஜாவும்
அவன் கைக்குள் போய்விட்டார்.
தெரிந்தபோது வண்டி அத்திக்கோடு தாண்டியிருக்கும்.
குப்பியைத் திறந்து திறந்து பார்த்தேன்.
வருத்தம்தான்.
ஆனாலும், சொல்லக் கூடாது,
எத்தனை நூறு வருஷம் கழித்து
அவர் ஒருமுறை செலவாகிவிட்டார்.

வெள்ளிக்கிழமை சுதீஷ் வந்தான்.
மேடையில் வண்டியை ஏற்றிவிட்டு
ஜன்னலுக்குள் கையை நீட்டினான்.
"சாயக்கடையில் இது எடுக்கில்ல சேச்சி."

மேஜைமேல் வைத்தான்.
கொஞ்சம் பளபளப்பாய் இருந்தார்,
யாரோ புளி போட்டுத் தேய்த்துப் பார்த்திருக்கிறார்கள்.
இரண்டு ரூபாய் எடுத்துக் கொடுத்தேன்.
எண்ணிப் பார்த்தான்.
"மிட்டாயும்" என்றான்.