நீங்கள் இருக்கும் இடம்

ராத்திரி ஷிப்ட் முடிந்து
கம்பெனி பஸ் என்னை இறக்கிவிடும் நிறுத்தத்துக்கு
எதிரேதான் காடு.
காடு என்று ஓசூரில் சொன்னால் சிரிப்பார்கள்.
ஒரு பக்கம் ரிங் ரோடு,
ஒரு பக்கம் லேத் பட்டறைகளின் முதுகு,
நடுவில் எப்படியோ தப்பிய இருநூறு ஏக்கர்.
கம்பி கட்டி, கேட் வைத்து,
பத்து ரூபாய்க்கு நடக்க விடுகிறார்கள்.

நாகவேணி ஹாஸ்டலுக்குப் போனதும் படுத்துவிடுவாள்.
எனக்கு அப்படி வராது.
எட்டு மணி நேரம் லென்ஸுக்கடியில் பார்த்த கண்
மூடினாலும் பார்த்துக்கொண்டிருக்கும்:
போன் கண்ணாடியில் கீறல், விளிம்பில் சில்லு,
உள்ளே மாட்டிக்கொண்ட ஒரு தூசி.
ஒன்றுக்கு மூன்று நொடி.
குறை தெரிந்தால் அந்த இடத்தைக் காட்டி
அரிசியளவு சிவப்பு அம்பு ஒட்ட வேண்டும்.

அதே கண்ணோடுதான் கேட்டைத் தாண்டுகிறேன்.
உசிலம்பட்டையில் வெடிப்பு. ரிஜெக்ட்.
வெப்பாலையின் ஜோடிக் காயில் ஒன்று குட்டை. ரிஜெக்ட்.
தவிட்டுக்குருவிகள் ஏழு இருக்க வேண்டும், ஆறுதான்;
வாயைத் திறப்பதற்குள்
ஆறும் சேர்ந்து என்னைத் திட்டித் தீர்த்தன.

மூன்றாம் கல்லுக்கு அப்பால்
லாரிச் சத்தம் குறையும். நிற்காது, குறையும்.
அங்கே பாதை மூன்றாகப் பிரிகிறது.
தகரத்தில் வரைந்த வரைபடம் ஒன்று.
'நீங்கள் இருக்கும் இடம்' என்று எழுதி
ஒரு புள்ளி வைத்திருந்தார்களாம்.
வந்தவர்களெல்லாம் விரல் வைத்து வைத்து
புள்ளி தேய்ந்து தகரம் பளபளக்கிறது.
எழுத்து இருக்கிறது, இடம் இல்லை.

மார்கழிப் பனியில் ஒருநாள்
அதே தைலமரத்தை நான்கு முறை கடந்தேன்.
அதே பாறை, அதே பிஸ்கட் காகிதம்.
வாட்சர் திம்மராயப்பா டார்ச்சோடு வந்து
"எத்தனை ரவுண்டும்மா போவே?" என்றார்,
நான் எடை குறைக்க நடப்பதாக நினைத்து.
ஆமாம் என்றேன். வழி தெரியவில்லை என்று சொல்ல
வெட்கமாக இருந்தது.

இன்றைக்கு முழங்கையைச் சொறியும்போது
விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது ஓர் அம்பு.
பை, செருப்பு, சாப்பாட்டு டப்பா
எல்லாம் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள்;
முழங்கையை யார் பார்ப்பார்கள்?
நைட்டெல்லாம் நானே குறையாக
லைனில் உட்கார்ந்திருக்கிறேன்.

தேய்ந்த தகரத்தில் ஒட்டினேன்.
மூன்று பாதை கூடும் இடத்தைக் கொஞ்சம் தள்ளி,
கோணலாக. பரவாயில்லை என்று விட்டேன்.
வேலையில் ஒருநாளும் அப்படி விட்டதில்லை.

ஆறாம் கல்லருகே புங்க இலையொன்றில் வெள்ளைக்கோடு.
தோலுக்கடியில் ஏதோ புழு
தின்றபடியே நடந்து போன வழி.
நூலாகத் தொடங்கி, போகப்போக அகலமாகி,
நரம்பில் முட்டித் திரும்பி,
வந்த வழியையே ஒருதரம் குறுக்கே வெட்டி,
விளிம்புக்குச் சற்று முன்னால் முடிகிறது.
முடியும் இடத்தில் ஊசித்துளை.
மூன்று நொடி எப்போதோ தாண்டிவிட்டது.
குறை எங்கே என்று கேட்டால்
எதைக் காட்டுவேன்: தொடக்கத்தையா, துளையையா?

அப்போதுதான் கொட்டாவி வந்தது,
தாடை கழன்றுவிடும்போல.
வெளியே போக வேறு குறுக்குவழி உண்டு.
இருந்தும் பலகையைச் சுற்றிக்கொண்டு வந்தேன்.
அம்பு இருந்தது.
அதன் நுனியில், தகரப் பனியைத் துடைத்தபடி,
யாரோ விரல் வைத்துப் போன தடம்,
என் விரலைவிடப் பெரியது,
இன்னும் காயவில்லை.