வாலில் உள்ள எழுத்து

கட்டாரிலிருந்து வந்த மச்சான்
பெட்டியைப் பிரித்து ஒரு பிளாஷ் எடுத்துத் தந்தார்.
"நல்ல சாமான். ஊரில இந்த விலைக்குக் கிடையாது."
கமராவின் தலையில் சறுக்கி ஏறியது.
திருகி இறுக்கினேன். சிமிட்டியது.
நானும் நம்பினேன்.

சாய்ந்தமருதில் சிபானாவின் கலியாண ஊடு.
ஆண் கமராக்காரர்கள் வாசலோடு நின்றுவிடுவார்கள்.
என் பிழைப்பு அந்த வாசலுக்கு உள்பக்கம்.
முதல் அழுத்தலில் பொண்ணின் முகம் வெள்ளைக் கடதாசி.
இரண்டாவதில் நெற்றிச்சுட்டி மட்டும் மிச்சம்.
மூன்றாவதில் ஒன்றுமில்லை,
பற்றரி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.
கையால் குறைத்தேன், எட்டில் ஒன்று,
பதினாறில் ஒன்று, கிட்டத்தட்டச் சரி வந்தபோது
பாலும் பழமும் ஊட்டி முடிந்திருந்தது.
ஊட்டிய மாமியிடம் இன்னொருக்கா ஊட்டுங்கள் என்றேன்.
அவர் பார்த்த பார்வை மட்டும் நல்லாய் விழுந்திருக்கிறது.

மறுகா கல்முனைக்கு பஸ் ஏறினேன்.
பாண்டிருப்பு நிரோஜனின் கடை.
பிளாஷைக் கவிழ்த்து அதன் உள்ளங்காலைப் பார்த்தான்,
மாட்டு வைத்தியர் குளம்பைத் தூக்கிப் பார்ப்பதுபோல.
"நடுவில இருக்கிற முள் எல்லாத்துக்கும் பொது, அக்கா.
இப்ப அடி எண்டு மட்டும்தான் அது சொல்லும்.
எவ்வளவு அடிக்கிற எண்டு சொல்றது மற்ற முள்ளுகள்.
உங்கட கமரா சொல்றது இதுக்கு விளங்காது."

மருதமுனைக்கும் பாண்டிருப்புக்கும் நடுவில்
நிறைய நாள் அந்த ஒற்றை முள்தான் வேலை செய்தது:
சுகமா, சுகம்,
விலை என்ன, குறைக்கமாட்டீங்களா.

மூன்று பெட்டிகளை மேசையில் வைத்தான்.
ஒரே பெயர், ஒரே உடம்பு, ஒரே கறுப்பு,
பெயரின் வாலில் மட்டும் ஓர் எழுத்து:
சீ, என், எஸ்.
என் கமராவுக்கு எஸ்.
இதைவிடப் பெரியதும் இருந்தது. ஏற்றிப் பார்த்தோம்.
கோழிக்குஞ்சின் தலையில் பூசணிக்காய்.
கண்ணாடி அலுமாரிக்குள் பழையது ஒன்று, மூவாயிரம்தான்.
கை நீட்டினேன், தடுத்தான்.
"அதுக்குக் காலில கறண்ட் கூட. கமராவைக் குடிச்சிடும்."

எஸ் ஏறியது.
திரையில் மின்னல் குறி வந்தது.
அழுத்தினேன்.
இருட்டு.

நிரோஜனுக்கு வேர்த்தது.
பற்றரி மாற்றினான், முள்ளுகளைத் துடைத்தான்,
வாலில் உள்ள எழுத்தை மறுபடி வாசித்தான்.
றீசார்ஜ் பண்ண வந்த இரண்டு பேர் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.
பிறகு அவன் காதைச் சாய்த்து,
"இன்னொருக்கா அமத்துங்க" என்றான்.
அமத்தினேன்.
"அக்கா, ஷட்டர் சத்தமே வரல்லையே?"

நேற்றுத் தங்கச்சியின் பிள்ளைக்குப் பேர் வைத்த ஊட்டில்
துஆவுக்கு நடுவே டிக் டிக் என்று கேட்கக்கூடாதென
நான்தான் சத்தத்தை மூடினேன்.
திறக்க மறந்துவிட்டது.
சத்தத்தை மூடினால் வெளிச்சமும் வராதாம்
என்னுடைய இந்தக் கமராவில்.
அறுநூறு பக்கக் கைநூலில் அது எங்கோ இருந்திருக்கும்.

திறந்தேன். டிக்.
கடை முழுக்க ஒரு நொடி பகல்.
திரையில் நிரோஜன், அளவான வெளிச்சத்தில்,
வேர்வைத் துளிகூடத் தெளிவாக,
ஆனால் நீல நிறத்தில்.
அண்ணாந்து பார்த்தோம். கடையின் சீலிங் நீலம்.
"வெள்ளைக் கூரைக்குத் திருப்பி அடிச்சா
முகம் நல்லா வரும்" என்றான்.
வெள்ளிக்கிழமை மண்டபத்தின் கூரை முழுக்க
ரோஸ் துணி கட்டுகிறார்கள்.
அதை அவனிடம் சொல்லவில்லை, எனக்கே பதில் தெரியாது.

பில்லில் எழுதினான்: ஆறு மாதம் உத்தரவாதம்.
கீழே சின்னதாக: கடல் மணலுக்குப் பொறுப்பில்லை.
மாதம் எட்டாயிரமாகக் கட்ட ஒத்துக்கொண்டான்,
அதைப் பேசி முடிக்க மற்ற முள்ளுகளும் தேவைப்பட்டன.

மச்சானின் பிளாஷ் பையின் அடியில் கிடக்கிறது.
நாளைக்குச் சாப்பாட்டுக்கு வருகிறார், கட்டாயம் கேட்பார்.
நடு முள்ளாலேயே பதில் சொல்வேன்:
நல்லா அடிக்குது, மச்சான்.