லட்சம் கோடியில் மூன்று

மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரியில்
ஜிப்மருக்குச் சீட்டு எழுதிக் கையில் கொடுத்தபோது
இரவு ஒன்று நாற்பது. மழை.

நான் படித்தது பி.எஸ்சி. இயற்பியல்.
ஓட்டுவது நூற்றெட்டு.

ஆல்பேட்டை செக்போஸ்ட்வரை மழை
நேராகத்தான் விழுந்தது.
பெண்ணையாற்றுப் பாலத்தில் மிதித்தேன்.
மொத்த மழையும்
எதிரே ஒரு புள்ளியிலிருந்து புறப்பட்டு
என் முகத்துக்கே வந்தது.
ஒளியும் இப்படித்தான் வருமாம்
அதை நெருங்கி ஓடுகிறவனுக்கு.
பக்கவாட்டு விண்மீன்கள்,
தாண்டிவந்துவிட்டவைகூட,
முன்கண்ணாடிக்கு நகர்ந்து நெருக்கியடிக்கும்.
பின்னால் பார்த்தால் இருட்டு.

"இன்னும் எவ்ளோ தூரம்ணே?"
அஞ்சலாட்சி.
அவள் மடியில் குப்புராஜின் கால்கள்.

முள்ளோடை ஒயின்ஷாப்பின் சிவப்பு எழுத்து
முதலில் பச்சையாகும்,
அப்புறம் ஊதா,
அப்புறம் கண்ணைவிட்டே போய்விடும்.
அது போன இடத்தில்
இதுவரை தெரியாததெல்லாம் தெரியும்:
அணைத்துவிட்டுப் போன டீ அடுப்பு,
நடுரோட்டில் படுத்திருக்கும் மாடு,
எல்லாம் தன் சூட்டாலேயே
விளக்காக எரியும்.
கிருமாம்பாக்கத்துக் கல்யாண மண்டபம்
நாம் கடக்கையில் லேசாகத் திரும்பி
பாத்திரம் கழுவும் பின்முற்றத்தைக் காட்டும்.

ஒன்றை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.
வேகம் கூடக் கூட
எதிரே இருப்பது சிறுத்துக்கொண்டே போகும்.
போய்ச் சேரவேண்டிய வாசல்
தள்ளித் தள்ளிப் போவதுபோல் இருக்கும்.

தெரிவதுதான் அப்படி.
ரோடு நிஜமாகவே குறுகும்.
இருபத்தெட்டு கிலோமீட்டர்
இருபத்தெட்டு அடியாகும்.
இந்த நெஞ்சில் மிச்சம் நூறு துடிப்பென்றால்
ஒன்றைக்கூடச் செலவழிக்காமல்
டாக்டர் முன்னால் இறக்கிவிடலாம்.

நான் போனது எண்பதில்.
அரியாங்குப்பம் பாலத்தில்
முட்டை லாரி வழிவிடுகிறவரை
மனதுக்குள் கணக்குப் போட்டேன்.
ஒரு செகண்டை
லட்சம் கோடித் துண்டாக நறுக்கினால்
அதில் மூன்று துண்டு.
என்னால் அவருக்கு மிச்சப்படுத்த முடிந்தது அவ்வளவுதான்.
ஹாரன் அடித்தேன்.

கோரிமேடு. எமர்ஜென்சி வாசல்.
ஸ்ட்ரெச்சரை இழுக்கும்போது மணி கேட்டாள்.
சுவரைக் காட்டினேன்: இரண்டு ஒன்பது.
குப்புராஜ் கையில்
உப்பேறிய பழைய வாட்ச்.
அதுவும் இரண்டு ஒன்பதுதான் காட்டியது,
மூன்று துண்டு குறைவாக.
வார்க்குக் கீழே விரல் வைத்தேன்.

ஓடிக்கொண்டிருந்தது.