செதில்

லாரன்ஸ் ரோட்டுக் கடையில் ஜபருல்லா
மூன்று பெட்டிகளை இறக்கிவைத்தார்.

முதலாவது நாலாயிரத்து இருநூறு.
அதன் மைக்குப்பி எழுநூற்றைம்பது,
நூற்றிருபது பக்கம் ஓடினால் அதிகம்.
"இது மெஷின் இல்லக்கா, மாசத் தவணை"
என்று அவரே சொல்லிவிட்டார்.
விற்கிறவர் இவ்வளவு நல்லவராக இருந்தால்
அடுத்த பெட்டியின் விலை பயமுறுத்தும்.
பயமுறுத்தியது.

என் அலுவலகம் செம்மண்டலத்தில்,
சமையலறைக்கும் கட்டிலுக்கும் இடையே ஒரு மேசை.
நாற்காலியைப் பின்னால் இழுத்தால் ஃப்ரிட்ஜில் இடிக்கும்.
பதினேழு விசைப்படகுகளின் வரவு செலவு
அந்த இடுக்கில்தான் கரையேறுகிறது.

டீசல் பில்லைப் பார்த்திருப்பீர்கள்.
மை கிடையாது, சூடு எழுதும் வழவழப்புத் தாள்.
சட்டைப்பையில் ஒரு வாரம்,
வண்டிச் சீட்டின் அடியில் ஒரு மத்தியானம் போதும்:
லிட்டர் போகும், தொகை போகும்,
தேதி கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டுப் போகும்.
போன பங்குனியில் தேசிங்கு கொடுத்த உறையில்
அறுபத்தேழு பில்.
இருபத்தாறு வெள்ளைத்தாள்.
"எழுதித்தாம்மா இருந்துச்சு" என்றார்,
நான் அழித்துவிட்டது போல.

சுருக்கம் போகட்டுமென்று ஒன்றுக்கு
இஸ்திரி போட்டும் பார்த்தேன்.
இரண்டு நொடியில் முழுக்க அமாவாசை.

போனில் எடுக்கக்கூடாதா என்பீர்கள்.
எடுத்தேன். ட்யூப்லைட் தாளில் வழுக்கி விழ,
விரல் நிழலில் எட்டு மூன்றானது.
நெல்லித்தோப்பு ஆடிட்டர் ராத்திரி பதினொன்றுக்குக் கேட்டார்:
"எட்டா, மூணா?"
ஐயாயிரம் ரூபாய்க் கேள்வி.
எனக்கும் தெரியவில்லை என்று எழுதி, அனுப்பாமல் அழித்தேன்.

மூன்றாவது பெட்டி பெரிய இடத்துச் சம்பந்தம்.
அச்சடிக்கும், நகலெடுக்கும், கம்பியில்லாமல் பேசும்,
தலைமேல் தாள் விழுங்கும் வாய்.
முப்பத்தைந்தை அடுக்கிவிட்டுச் சோறு வடிக்கப் போகலாம்.
பதினெட்டாயிரம்.
சோறு வடிக்கப் போகலாம் என்ற இடத்தில்
என் மனசு சாய்ந்தது.

பையிலிருந்து தேசிங்கின் பில் ஒன்றை எடுத்தேன்.
"இதப் போட்டுக் காட்டுங்க."
ஐஸும் ஆயிலும் பட்டு
காதுபோலச் சுருண்டிருந்தது அது.
வாய் வாங்கியது. மென்றது.
கறக் என்றொரு சத்தம்.
ஜபருல்லா மூடியைத் திறந்து
தொண்டையில் முள் எடுப்பது போல எடுத்தார்.
ஜிஎஸ்டி எண்ணில் நாலு இலக்கம் உள்ளேயே தங்கிவிட்டது.

"தாள் தட்டையா இருக்கணும்க்கா."

துறைமுகத்தில் எது தட்டையாக இருக்கிறது?

கணக்குப் போட்டேன், என் பிழைப்பே அதுதானே.
நடுப்பெட்டி, வாய் இல்லாதது, பதினோராயிரத்து நானூறு.
வெறும் ஸ்கேனர் ஐயாயிரத்து அறுநூறு.
"அத யாரும் கேக்கறதே இல்ல" என்று
பரணிலிருந்து தூசியோடு இறக்கினார்.
மாதம் அறுபது பக்கம் அச்சு,
எதிர்த்தெரு ஜெராக்ஸில் முந்நூறு ரூபாய்.
நடுப்பெட்டிக்குக் கூடக் கொடுப்பது
திரும்பிவர இருபது மாதம்.
உத்தரவாதம் பன்னிரண்டு.
பாக்கி எட்டு மாதத்துக்கு
உப்புக்காற்றுதான் ஜாமீன்.
என் பழைய பிரிண்டரின் உருளையைத் தின்றதும்
அதே காற்று.

தூசிப்பெட்டியை வாங்கினேன்.

இப்போது ஒவ்வொரு பில்லாகக்
கண்ணாடியில் குப்புறப் படுக்கவைத்து
மூடிமேல் புளி டப்பாவை ஏற்றுகிறேன்.
ஒன்றுக்குப் பதினெட்டு நொடி.
சில நாள் சோறு குழைந்துவிடுகிறது.

முதல் வாரமே ஆடிட்டர் கேட்டார்:
"எல்லாப் பக்கத்துலயும் வலது மூலையில
வட்டமா ஒண்ணு இருக்கே,
என்ன சீல் அது மேடம்?"

மென்பொருளைத் திட்டினேன், கேபிளைத் திட்டினேன்,
ஜபருல்லாவுக்குப் போன் போட்டுத் திட்டினேன்.
பிறகு கண்ணாடியை நகத்தால் சுரண்டினேன்.
சங்கராவோ, கொடுவாவோ,
ஒரு செதில்.

முப்பத்தெட்டுப் பக்கத்தையும் மறுபடி எடுக்க
யாரால் முடியும்.
துறைமுக சீல் என்று பதில் போட்டேன்.
"ஓகே" என்று வந்தது.