மஞ்சள் கட்டம்

தொண்டியில், ஐஸ் கம்பெனிக்கு எதிரே மாடியறை.
பசியைக் கணக்கெடுப்பது என் வேலை.
முதலாளி சீனி உசேன் அப்படிச் சொல்லமாட்டார்.
"மார்க்கெட்டப் பாரு புள்ள" என்பார்.

பார்க்கிறேன்.
கடலுக்கு அப்பால் ஒரு நாடு,
அதன் பேரை வாய் குழறாமல் சொல்ல
எனக்கு மூன்று நாளாயிற்று.
அங்கே விளைவது ஒரு கட்டம்,
தின்பது அடுத்த கட்டம்.
கழித்தால் மிஞ்சுவது பற்றாக்குறை.
அதற்கு மஞ்சள் அடிக்கச் சொல்லியிருக்கிறார்.
மஞ்சள் கூடினால்
அன்றைக்கு ஆபீசில் எல்லோருக்கும் நன்னாரி சர்பத்.

போன வருஷம் அங்கே மழை பொய்த்தது.
சோளம் முழங்கால் உயரத்தில் கருகிற்றாம்,
மிளகாய் பூவோடு கொட்டிற்றாம்.
நானும் ஒரு தம்ளர் குடித்தேன்.
இனிப்பாகத்தான் இருந்தது.

கீழே கிட்டங்கியில் குண்டு மிளகாய்.
தும்மாமல் யாரும் படியேற முடியாது.
அந்த நாட்டுக்காரர்கள் அனுப்பிய பட்டியல்
சுவரில் ஒட்டியிருக்கிறது:
ஈரம் பதினொன்றுக்குள்.
தெளித்த மருந்தின் மிச்சம் இவ்வளவுக்குள்.
கண்ணுக்குத் தெரியாத பூஞ்சையின் நஞ்சு,
நூறு கோடியில் இத்தனை பங்குக்குமேல் ஆகாது.
பசித்தவர்களுக்கும் பட்டியல் உண்டு.
இருக்கத்தானே வேண்டும்.

திருப்பாலைக்குடிப் பக்கமிருந்து
பஞ்சவர்ணம் ஏழு மூட்டையோடு வந்திறங்கினாள்.
களத்தில் காயும்போது
மாசியில் ரெண்டு நாள் தப்பு மழை.
ஒரு பழத்தை என் காதோரம் ஆட்டினாள்.
"கிலுகிலுங்குது பாரு. இதுக்கு மிசினு என்னத்துக்கு?"
விதை குலுங்கியது உண்மை.
மூட்டையின் அடியில் கைவிட்டு எடுத்ததில்
மிஷின் பதினாலு காட்டியதும் உண்மை.

"வாங்குற ஊருல வெள்ளாம இல்லையா?"
"மழையில்லக்கா."
"நமக்குப் பேஞ்சு கெடுத்துச்சு,
அவுகளுக்குப் பேயாமக் கெடுத்துச்சாக்கும்."
முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.
"சோத்துக்கு வழியில்லாம
வெறுங் காரத்த வச்சு என்ன செய்வாக?"

அதற்கு என்னிடம் கட்டமில்லை.

ராத்திரி, ரேஷன் அரிசியில் கல் பொறுக்கும்போது
கை நின்றது.
இது எங்கள் உவர்மண்ணில் விளைந்ததில்லை.
லாரியேறி எங்கிருந்தோ வருகிறது.
அங்கேயும் ஒரு மாடியறை இருக்கும்,
ஒரு வரிசையில் ராமநாதபுரம் என்று அடித்து
ஒருத்தி மஞ்சள் பூசியிருப்பாள்.
பேரைச் சொல்ல அவளுக்கு எத்தனை நாளாயிற்றோ.
சர்பத்துக்குப் பதில் டீயோ என்னவோ.

மறுநாள் சாலையோரம் தார்ப்பாய் விரித்து
ஏழு மூட்டையையும் கொட்டிக் காயவைத்தாள்.
பஸ் போகும்போதெல்லாம்
ஓர வரிசை நகர்ந்து உட்கார்ந்தது.
நாலு மணிக்கு மிஷினோடு இறங்கினேன்.
பன்னிரண்டரை.
இன்னும் ஒரு வெயில் வேண்டும்,
கடல்காற்று ஈரம் கொண்டுவராமல்.

மேலே வந்தால் முதலாளி மேஜையில் புதுச் செய்தி:
அந்தப் பக்கம் மேகம் கூடுகிறதாம்.
பெய்யட்டும் என்றுதான் முதலில் தோன்றியது.
அடுத்த மூச்சில்
பஞ்சவர்ணத்துக்குக் கிலோவுக்கு என்ன குறையும் என்று
விரல் தானாக எண்ணியது.

ஜன்னலைச் சாத்தினேன்.
கீழே அவள் தார்ப்பாயின் நாலு மூலையிலும்
கல் வைத்துக்கொண்டிருந்தாள்.