ஒன்றும் அடிக்காத வரிசை

ஒத்தக்கடை காலேஜிலிருந்து
இரண்டு டவுன் பஸ் மாறி வருவாள் ஜெனிட்டா.
பையில் பழுப்புப் புட்டி, அளவுக்குழாய்,
கட்டம் போட்ட நோட்டு.

முள்ளிப்பள்ளத்தில் இருபது சென்ட் கொடிக்கால்,
குத்தகைக்கு எடுத்தது.
ஐப்பசி மழை விட்ட மறுவாரமே
வெற்றிலையில் மஞ்சள் வளையம்,
வளையத்துக்குள் கரிப்பொட்டு.
கவுளிக்கு முப்பது இலை கழிவு போனால்
கமிஷன் கடை காஜா மைதீன்
கட்டைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்.

"கிராம்பு எண்ணெய்க்கா.
பூசணத்துக்கு இந்தக் காரம் ஆகாது."
தண்ணீரில் விட்டால் மேலே மிதந்து
கண்ணு கண்ணாய் முழித்தது.
பூந்திக்கொட்டை ஊறிய சாறு சேர்த்து
அடி அடியென்று அடித்த பிறகுதான்
பாலாய்க் கலந்தது.

முதல் தரம் அளவு கூடிப்போய்
கொழுந்து பொசுங்கியது.
அதையும் நோட்டில் எழுதினாள்.
பாதியாய்க் குறைத்தோம்.

அப்புறம் சொன்னாள்:
"கடைசி வரிசைக்கு ஒண்ணுமே அடிக்கக் கூடாது.
ஒப்பிட்டுப் பாக்கணும்ல."
சரி என்றேன்.
சரி என்று சொல்வது எவ்வளவு லேசு.

பத்து நாளில் மற்ற வரிசைகளில்
பொட்டு வந்த இடத்திலேயே நின்றது.
கடைசி வரிசையில் மட்டும்
இலைக்கு இலை தாவி
அகத்தியின் தோள்வரை ஏறிவிட்டது.
களையெடுக்கையில் அந்தப் பக்கம்
முகம் கொடுக்காமல் நகர்ந்தேன்.
அதுவும் நான் பதியம் போட்ட கொடிதான்.
அதற்கும் அதே வாய்க்கால் தண்ணீர்,
அதே குத்தகைப் பணம்.

ஒரு ராத்திரி
மடை திருப்பப் போனவள்
மிச்சமிருந்த கலவையைக்
கைத்தெளிப்பானில் ஊற்றி
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
அந்த வரிசை முழுக்க அடித்தேன்.
காலடித் தடத்தைக்கூட
மண்வெட்டியால் இழுத்து விட்டேன்.

விடிந்ததும் வந்தாள்.
வரப்பில் கால் வைத்தவள் நின்றாள்.
நேராகக் கடைசி வரிசைக்குப் போய்
ஓர் இலையைக் கிள்ளி
கசக்கி
மூக்கருகே வைத்தாள்.

கொரோனாவில் போன மூக்கு எனக்கு.
மூன்று வருசமாய்
மல்லிகையும் மண்ணெண்ணெயும் ஒன்றுதான்.
கொடிக்கால் முழுக்க என்னைக் காட்டிக்கொடுத்தபடி
நின்றிருக்கிறது மணம்,
எனக்கு மட்டும் தெரியாமல்.

அவள் என்னைப் பார்த்தாள்.
நான் அகத்தியைப் பார்த்தேன்.
நோட்டில் மூன்று வாரத்துக் கட்டங்கள்மேல்
குறுக்காக ஒரு கோடு.

"அடுத்த ஐப்பசிக்குத்தான்கா.
முதல்ல இருந்து."
"அப்பவும் ஒரு வரிசை விடணுமா?"
"விடணும்."

கோபமா என்று தெரியவில்லை.
போகும்போது ஓர் இலையைத் துடைத்து
சுண்ணாம்பு இல்லாமலே வாயில் போட்டாள்.
"பல் டாக்டர் ரூம் மாதிரி இருக்கு" என்றாள்.
பஸ்ஸுக்கு ஓடினாள்.

நானும் ஒன்றைக் கிள்ளிப் போட்டுக்கொண்டேன்.
மணம் ஒன்றும் இல்லை.
நாக்கு மட்டும்
நுனியிலிருந்து
மெல்ல மரத்துக்கொண்டு வந்தது.