துணைக்கால்

கொளத்தூரில் வண்ணமீன் கடைக்கு மேல்மாடி.
இரவெல்லாம் கீழே தொட்டிகள் குமிழ்விடும்.
மேலே நான்
ஒரு ழகரத்தின் வயிற்றை
நான்கு புள்ளிகளில் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பேன்.

எழுத்துரு செய்கிறேன் என்றேன் வீட்டுக்காரரிடம்.
"எவ்வளவு தருவாங்க?"
யாரும் தர மாட்டார்கள். இலவசம்.
"அப்ப வாடகை?"
அது தனி.

ஜெசிந்தாவால் தொடங்கியது.
புளியந்தோப்பு, குடிநீர் வாரியக் கிளை, மூன்றாம் கவுன்டர்.
காலை பத்திலிருந்து பெயர்களைத் தட்டுகிறவள்
டீக்கடையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு சொன்னாள்:
"ரகரத்துக்கும் துணைக்காலுக்கும்
என் மெஷின்ல வித்தியாசமே தெரியலப்பா.
ரெண்டும் கொடிக்கம்பம் மாதிரி நிக்குது."

அன்றிரவே முடிவெடுத்தேன்.
காலுக்குப் பாதம் கிடையாது,
தரையில் நேராகக் குத்தி நிற்கட்டும்.
ரகரத்துக்கு உண்டு.
ஓடும் பேருந்திலிருந்து இறங்குகிறவன்
முதலில் ஊன்றுவானே, அப்படிச் சாய்ந்த பாதம்.
'ரி'யிலும் 'ர்' மேலே புள்ளி வரும்போதும்
பாதத்தை விட்டுவிடுவோர் உண்டு.
நான் விடவில்லை.

ஔகாரத்துக்கு இரண்டு இரவு,
இன்னும் திருப்தியில்லை.
'ஸ்ரீ'க்கு ஒரு ஞாயிறு, மின்வெட்டையும் சேர்த்து.
'கூ' அடுத்திருந்த 'ட'வை இடித்தது.
முடியளவு தள்ளி வைத்ததும்
'கூட்டம்' கொஞ்சம் மூச்சுவிட்டது.

டிசம்பர் மழையில் கடைக்குள் தண்ணீர் புக
தவ்ஃபீக் பாய் தொட்டிகளை என் அறையில் அடுக்கினார்.
திரை வெளிச்சத்தில் ஒரு சண்டைமீன்
என்னோடு சேர்ந்து மூன்று நாள் 'ஞ' பார்த்தது.
அதன் வால் திரும்பிய விதத்தில்தான்
என் 'ஞ' திரும்பியது. பாயிடம் சொல்லவில்லை,
மீனுக்கு விலை ஏற்றிவிடுவார்.

சனிக்கிழமை பென்டிரைவோடு போனேன்.
வலது சொடுக்கு. எல்லாப் பயனர்களுக்கும் நிறுவு.
கடவுச்சொல் கேட்டது;
அது திரைக்கடியில் ஒட்டியிருந்த சீட்டிலேயே இருந்தது.
கணினி அணைந்து எழுந்தது.
கடிகாரம், கோப்புறை, சேமி, மூடு, குப்பைத்தொட்டி
எல்லாம் என் வளைவுகளை உடுத்திக்கொண்டு
வரிசையில் வந்து நின்றன.
ஒரு நிமிடம் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு அவள் இணைப்புதாரர் பட்டியலைத் திறந்தாள்.

ரரணி.
மரரிமுத்து.
சரரதர.
கரசி விஸ்வநரதன்.

நேற்றுவரை கால் என்று நம்பிய இடமெல்லாம்
சாய்ந்த பாதங்கள்.
பக்கம் பக்கமாகப் பாதங்கள்.
யார் யாரோ எந்தெந்த வருஷமோ
அவசரத்தில் தட்டியவை.
கண்ணுக்கு ராணி, கணினிக்கு ரரணி.

ஜெசிந்தா நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.
"பட்டாளத்துல இருந்து ஒரு அம்மா.
நாலு மாசமா வராங்க.
பேரைப் போட்டுத் தேடுவேன், பதிவே இல்லம்மான்னுவேன்.
பழைய ரசீதைக் காட்டி,
'இதோ, இதுல இருக்கேனே'ம்பாங்க."

இருந்தார்தான். காகிதத்தில்.

திங்கட்கிழமை உதவிப் பொறியாளர் எட்டிப் பார்த்தார்.
"என்ன இது, பேரெல்லாம் கெட்டுப்போச்சு?
ஃபான்ட் கோளாறு. பழசையே போடுங்க."
போட்டாள்.
ஒரே நொடியில் எல்லாப் பெயரும் சரியாகிவிட்டன.
அவர் நிம்மதியாகச் சாப்பிடப் போனதும்
மறுபடி என்னுடையதைப் போட்டாள்.

இப்போது மதிய இடைவேளைகளில்,
சோற்று டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டே,
ஒவ்வொரு பாதமாக எடுத்துவிட்டுக் கால் வைக்கிறாள்.
இரவில் எண்ணிக்கை மட்டும் அனுப்புவாள்:
பதினேழு. நாற்பது. இன்று லீவு.

நேற்று அழைத்தாள்.
"அந்த அம்மா வந்தாங்க. தேடினேன், கிடைச்சது."
சந்தோஷப்பட்டாங்களா?
"நல்லா திட்டினாங்க, நாலு மாசத்துக்கும் சேர்த்து.
அத விடு.
உன் 'ணி'யோட கொக்கி
மேல் வரியில போய் முட்டுது. பாரு."

பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
முட்டத்தான் செய்கிறது.